ஜோக் கேட்காத வீடுகள்

எங்கள் தெருவில் ரோண்டா வெசெலியிடம் முடியாது என்று சொல்லக்கூடிய ஆள் கிடையாது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். தெருவில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். மற்றவர்களின் பிள்ளைகள் இப்போது போகிறார்கள். முழங்கால் வரை பனி கிடக்கிற காலையிலும் பஸ் வந்து நிற்கும். ஹாரன் ஒரு தடவைதான். இரண்டாவது தடவை அடிக்க மாட்டார், நாம்தான் ஓட வேண்டும்.

நானும் ஓடியவன். பன்றிப் பண்ணை வைத்திருக்கிற எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டத்தோடு நான் ஊர் திரும்பிய அன்று ரோண்டா காலி பஸ்ஸை எங்கள் பண்ணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, பன்றிகள் மிரளும்படி ஹாரனை விடாமல் அடித்தார். அன்றிலிருந்து எனக்கு "காலேஜ்" என்று பெயர். இப்போது உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறேன்.

அயோவாவில் அக்டோபர் என்பது அப்பாக்கள் இல்லாத மாதம். சோளமும் சோயாவும் அறுவடைக்கு நிற்கும். ரோண்டாவின் கணவர் க்ரெய்க் விடிவதற்கு முன்னால் அறுவடை இயந்திரத்தில் ஏறினால், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் இறங்குவார். அதனால் அந்த மாதக் கடைசியில் பிள்ளைகள் வேடம் போடுகிற ஹாலோவீன் பண்டிகை முழுக்க முழுக்க ரோண்டாவின் பொறுப்பு. வேடத்துக்குத் துணி வெட்டுவதிலிருந்து பூசணிக்காய் குடைவது வரை எல்லாம் அவர்தான். எந்த வேடமானாலும் குளிர்கோட்டின் மேல் மாட்டுகிற அளவுக்கு லூசாகத் தைப்பார். அவர் வீட்டு இளவரசிகள்கூடக் குத்துச்சண்டைக்காரர்கள் மாதிரிதான் இருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஹாலோவீனுக்கு முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகள் வீடு வீடாகப் போய்விடுவார்கள். சும்மா போய்ப் பையை நீட்ட முடியாது. ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மிட்டாய். மொக்கை ஜோக்கானாலும் பரவாயில்லை, சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வருகிற கைக்குழந்தைக்கு மட்டும்தான்.

"பொறந்தநாள் கேக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் சொல்லாது காலேஜ்," என்று ரோண்டா ஒருமுறை சொன்னார். "என் பசங்க எவ்வளவு வளந்திருக்காங்கன்னு இந்தச் சாயங்காலம்தான் சொல்லும். முதல்ல தூக்கிட்டுப் போவேன். அப்புறம் கையப் புடிச்சுட்டு. அப்புறம் 'நீ கீழ நில்லும்மா'ம்பான். அடுத்த வருஷம் 'தெருமுனையில நில்லு'ம்பான். ஒருநாள் பார்த்தா, என் வண்டிய எடுத்துட்டு ஃப்ரெண்ட்ஸோட போயிட்டிருப்பான், பெட்ரோலும் போடாம!"

அப்படித்தான் அவருடைய இரண்டு பையன்களும் போனார்கள். மூத்தவன் ஒமாஹாவில் வெல்டர். இளையவன் காற்றாலைகளில் ஏறி வேலை பார்க்கிறான். ரோண்டா அதைப் பற்றிப் பேசும்போது குரலில் துக்கம் இருக்காது. வயலில் நல்ல விளைச்சலைக் காட்டுகிறவர் மாதிரிப் பேசுவார்.

கடைக்குட்டி கென்னா விஷயத்தில் மட்டும் அவர் நிற்கிற இடம் நகரவேயில்லை. கென்னாவுக்குப் பதினொரு வயது. பேச்சு திக்கும். வீட்டில் அவ்வளவாக இல்லை. அடுத்தவர் வாசலில் நின்று, எல்லோரும் அவள் வாயையே பார்க்கும்போது, ஜோக்கின் கடைசி வரியில் நிச்சயமாகத் திக்கும். அதனால் இருவரும் ஜோடி வேடம் போட்டுக்கொண்டு போவார்கள். கேள்வியைக் கென்னா கேட்பாள், பதிலைப் பின்னால் நின்று ரோண்டா சொல்லிவிடுவார். தெரு முழுக்கச் சிரிக்கும். ரோண்டாவின் ஜோக்குகளுக்கு அவ்வளவு மவுசு.

இந்த வருஷம் அவர் ஒரு மாடு தைத்திருந்தார். முன்பாதி கென்னா, பின்பாதி அவர். செப்டம்பர் கடைசியில் அதை விரித்துக் காட்டியபோது கென்னா தலையை ஆட்டினாள்.

"நான் எலும்புக்கூடு வேஷம். கோட்டு மேல வெள்ளை டேப் ஒட்டிக்கறேன். நீ வீட்ல இருந்து மிட்டாய் குடும்மா."

"மாட்டோட பின்பக்கம் தனியா என்னடி பண்ணும்?"

"வீ... வீட்ல உக்காரும்."

ரோண்டா சிரித்துவிட்டார். சரி என்றும் சொன்னார். ஆனால் அந்த வாரமே தெருவில் ஒரு வீடு விடாமல் போன் செய்துவிட்டார். வேலியோரம் நின்று அவர் பேசியது என் காதிலும் விழுந்தது. "கென்னா தனியா வரா. ஜோக் கேட்டு நிக்க வெச்சுராதீங்க. மிட்டாயப் போட்டு அனுப்பிருங்க, ஆமா?" எதிர்வீட்டு ஆர்வல் ட்யாடனுக்கும் போன் போனது. ஆர்வல் ரிட்டயர் ஆன தபால்காரர். முழு சாக்லேட் கொடுக்கிற ஒரே வீடு அவருடையது. ஆனால் ஜோக் பிடிக்கவில்லையென்றால் "வேற சொல்லு" என்று பிள்ளைகளை நிறுத்திவைக்கிறவர். அவரும் சரி என்றார்.

ஹாலோவீனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரோண்டா வாசல் படியில் மாட்டின் பின்பாதியைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு, மடியில் மிட்டாய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில்.

"சூனியக்காரி ஏன் துடைப்பத்துல பறக்கறா?" என்றது ஒரு டைனோசர்.

"தெரியலியே."

"வாக்குவம் கிளீனருக்கு வயர் எட்டாது!"

"ரெண்டு எடுத்துக்க."

தேனீ வேடம் போட்ட குட்டி ஒன்று, "யாரோ கதவைத் தட்டினாங்க. யாருன்னு பார்த்தா, மாடு!" என்றுவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ரோண்டாவைப் பார்த்து, "உன் மாட்டுக்குத் தலை எங்க?" என்றது.

"ஊர் சுத்தப் போயிருக்கு," என்றார் ரோண்டா. கண் தெருவிலேயே இருந்தது. வெள்ளை எலும்புகள் ஒரு வீட்டுப் படி ஏறி, இறங்கி, அடுத்த வீட்டுக்குப் போவது தெரிந்தது. சீக்கிரம் சீக்கிரமாக. "பார்த்தியா காலேஜ், எவ்வளவு ஈஸியா முடிச்சுட்டு வரா!"

எலும்புக்கூடு ஓடி வந்தது. பை நிறைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது.

"யா... யாருமே ஜோக் கேக்கலம்மா. வாயத் தெறக்கறதுக்குள்ள போட்டுட்டாங்க. ஆர்வல்கூட." ஒரு மூச்சு வாங்கினாள். "நீ போன் பண்ணியா?"

ரோண்டா மழுப்புகிற ஆள் இல்லை. "பண்ணேன்."

"கை... கைக்குழந்தைக்குத்தான் சும்மா குடுப்பாங்க!"

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னு..."

"எனக்குத் திக்கும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். திக்கினா திக்கிட்டுப் போகுது! நான் ஒரு மாசமா யோசிச்ச ஜோக்கும்மா." பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மிட்டாயெல்லாம் ரோண்டாவின் மடியில் இருந்த சட்டியிலும் படியிலும் உருண்டது. "இது எனக்கு வந்ததில்ல. உனக்குப் பயந்து குடுத்தது."

காலிப் பையோடு திரும்பி நடந்தாள்.

ரோண்டாவின் கை உடனே போனுக்குப் போனது. பேர்களை விரலால் தள்ளிக்கொண்டே போய், ஆர்வல் பேரில் நின்றது.

"இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"கேளுங்கன்னு சொல்லப் போறேன். நல்லா சிரிங்கன்னு..." அதற்கு மேல் போகவில்லை. தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். போனை என் மடியில் போட்டார். "இத நீ வெச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எங்கள் தெரு அகலமில்லை. அந்த நேரத்தில் வண்டியும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நீ அப்பவே வாங்கிட்டுப் போயிட்டியே," என்றார் ஆர்வல்.

"திரு... திருப்பிக் குடுத்துட்டேன். ஜோக் கேளுங்க."

"உங்கம்மா கேக்க வேணாம்னாளே."

"இப்ப வந்திருக்கறது எங்கம்மா இல்ல."

ஆர்வல் கதவுநிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "சரி, சொல்லு."

"ஒரு எலும்புக்கூடு டாக்டர்கிட்ட போச்சு. டாக்டர் என்ன சொன்னார்?"

"என்ன சொன்னார்?"

"கொ..." என்றாள் கென்னா. நின்றது. "கொ... கொ..."

எங்கள் படியில் ஒரு சின்னக் கடற்கொள்ளைக்காரன் வந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ரோண்டா அவனைப் பார்க்கவில்லை. அவர் உதடு தன்னால் அந்தச் சொல்லை முடிக்கப் போனது. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. ஆர்வலும் அசையவில்லை, உதவிக்கும் வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

"கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்களேன்னார்!"

ஆர்வல் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார். "ம். வேற இருக்கா?"

ரோண்டா என் கையை இறுகப் பிடித்தார்.

"இருக்கு," என்றாள் கென்னா. "அது அடுத்த வீட்டுக்கு. உங்களுக்கு இ... இதுதான்."

அதற்குத்தான் ஆர்வல் சிரித்தார். தபால் கொண்டுவந்த அத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, இருமி, "என்னா வாய்டி உனக்கு!" என்று முழு சாக்லேட்டைப் பையில் போட்டார். பிறகு தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் கத்தினார்: "ரோண்டா! நீ சொல்றதவிட நல்லாருக்கு!"

"கேட்டுச்சுய்யா, கேட்டுச்சு!" என்று இவரும் கத்தினார். கண்ணை மாட்டுத் துணியால் துடைத்துக்கொண்டார்.

கென்னா எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

கடற்கொள்ளைக்காரன் பொறுமை இழந்து பையை ஆட்டினான். "நான் என் ஜோக்கச் சொல்லி முடிச்சுட்டேன்!"

"இன்னொரு தடவ சொல்லு ராஜா," என்றார் ரோண்டா, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து. "இந்தத் தடவ கேக்கறேன்."