பிரஷ் வேண்டாத க்ரீம்

ஈரம் காயாத ஷேவிங் பிரஷ்ஷுக்கு ஒரு வாசனை உண்டு. சோப்பும், ஊறிய முடியும், அலுமினிய டப்பாவும் கலந்த வாசனை. செங்கம் ரோட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் காலையில் கண் விழித்ததும் மூக்கில் ஏறுவது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். அறையில் நானும் ராஜேந்திரனும். டைப்ரைட்டிங் வகுப்பில் பழக்கம். ஒரே வாளி, ஒரே கண்ணாடி, ஒரே பிரஷ். பிரஷ் அவனுடையது.

மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் அவன் சித்தப்பா ஊரிலிருந்து வந்தார். என் ஊர் அடி அண்ணாமலை என்றதும், அங்கே எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஸ்டவ்வில் ஒரு டம்ளர் கொதிக்கிறது. டீ என்று நினைத்துக் கிட்டே போனேன். உள்ளே பிரஷ்.

"என்ன ராஜேந்திரா, பிரஷ்ஷ வேக வைக்கிற?"

"கிருமிடா... சூடு பண்ணணும்னு சொன்னாங்க."

"மூணு வாரமா இல்லாத கிருமி உங்க சித்தப்பா கூட பஸ்ல வந்துச்சா?"

அவன் குனிந்து ஸ்டவ்வை அணைத்தான். அன்றிலிருந்து அந்த பிரஷ்ஷைத் தொடவில்லை.

சலூனுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். ஊரில் எங்கள் தெரு ஆட்களுக்கு முடி வெட்ட மாட்டார்கள். டவுன் சலூனில் ஒரு தடவை உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உள்ளே வந்து கடைக்காரர் காதில் ஏதோ சொன்னார். "கூட்டம் ஜாஸ்தியா இருக்குதுப்பா, அப்புறம் வா" என்றார் கடைக்காரர். இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

தனியாக ஒரு பிரஷ் வாங்கியிருக்கலாம்... வாங்கலாம்தான். டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். அறையிலும் எனக்கென்று தனி பிரஷ், அவன் பிரஷ்ஷுக்கு ஒரு முழம் தள்ளி. அந்தக் காட்சியை என் காசில் நானே வாங்கி வைப்பதா?

அப்போதுதான் கிளார்க் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. முகத்தில் ஐந்து நாள் தாடி. நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம், தேரடி வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன்.

"பிரஷ் இல்லாம போடற க்ரீம் இருக்குதாங்க?"

கடைக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். இரண்டு ட்யூப் எடுத்து வைத்தார். "இது பிரஷ் போட்டு நுரைக்கிறது. இது கையாலயே போடறது, ஆசிரமத்துப் பக்கம் வர்ற வெள்ளக்காரங்க வாங்குவாங்க. எப்படிப் போடறதுன்னு..."

"எல்லாம் தெரியும், குடுங்க."

எதுவும் தெரியாது.

காலையில் க்ரீமைப் பூசித் தேய்த்தேன். நுரை வரவில்லை. தண்ணீர் விட்டேன். இன்னும் கொஞ்சம் க்ரீம், இன்னும் கொஞ்சம் தண்ணீர்... கன்னம் எரிந்ததே தவிர ஒரு குமிழி இல்லை. அரை ட்யூப் காலி.

"என்னோட பிரஷ் வேணா..." என்று இழுத்தான் ராஜேந்திரன்.

"வேணாம்!"

நேர்காணல் பதினொன்றுக்கு. இவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்று கெட்டுப்போன சரக்கைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர் என்றே முடிவு கட்டினேன். முகத்தைக் கழுவி, சர்டிபிகேட் பையில் ட்யூபையும் ரேசரையும் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"யோவ்! யார ஏமாத்தப் பாக்கற? நுரையே வரல!"

அவர் ட்யூபைப் பார்த்தார். என் சிவந்த கன்னத்தைப் பார்த்தார்.

"நுரை வராதுப்பா அது. ராத்திரி வரைக்கும் தேய்ச்சாலும் வராது."

அவர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்தார். "கிட்ட வா. மூஞ்சியக் காட்டு." ஈரக் கையால் என் முகத்தை நனைத்தார். க்ரீமை விரலில் எடுத்துக் கன்னத்தில் மெல்லிசாகத் தடவினார்.

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலை."

"அங்க எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "காலனி" என்றேன், வேண்டுமென்றே உரக்க. கை இப்போது விலகும் என்று காத்திருந்தேன்.

"தாடையத் தூக்கு" என்றார்.

விரல் நிற்கவே இல்லை. தாடைக்கு அடியில், கழுத்துவரை நிதானமாகத் தடவி முடித்தார். "இப்ப ரேசர இழு. அழுத்தாத."

சீப்புகளுக்கு நடுவே தொங்கிய கண்ணாடியைப் பார்த்து அங்கேயே சிரைத்துக்கொண்டேன். ரிப்பன் வாங்க வந்த ஓர் அம்மா, "இதென்ன கடையா, சலூனா?" என்று சிரித்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் சலூன்மா. உங்களுக்கு எந்தக் கலரு?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட வந்தவனுக்கு அது வாயில் வரவில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று கிடைத்தது. முதல் மாதமே அவரைத் தேடிப் போனேன். கடை கைமாறியிருந்தது. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று எங்கள் காலனியிலேயே இரண்டு சலூன். என் மகன் டவுனில் ஏசி கடையில் தாடியைச் செதுக்கிக்கொண்டு வருகிறான், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது அவனிடம் கேட்டார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் அவனோடு ஒரு நாள் வீடு தேடிப் போய்ப் பார்க்கட்டும்.

முப்பது வருஷம் நானும் ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். விஷயம் தெரியாமல் கத்திக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரிடமும் அந்தக் கடைக்காரர் போல நடந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். சிலரை உட்கார வைத்து, பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அவர்களில் பலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவருக்குப் போக வேண்டிய கும்பிடு அது... நான் வாங்கி வைத்திருக்கிறேன்.