ஒரே ஆளின் இரண்டு மைக் செட்டும் ஆறு மணிச் சட்டமும்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மலாய் நாட்டில், எங்கள் ஊர் காஜா பேராங்கில் முதல் மைக் செட் கடை நான் போட்டது. சண்டைக் காலத்து ராணுவ ஆம்பிளிஃபையர் ஒன்றை இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, மூன்று மாதம் நோண்டிப் பேச வைத்தேன். வால்வின் எந்தக் காலில் என்ன கரண்டு என்று எனக்குப் புத்தகம் சொல்லவில்லை, ஷாக் அடித்துத்தான் தெரிந்துகொண்டேன். செமாபோக்கிலிருந்து செங் வரைக்கும் கல்யாணமோ கோயில் திருவிழாவோ சீன நாடகமோ, என் ஹார்ன்தான் மரத்தில் ஏறும். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த பிறகு சட்டமன்றத்துக்கு மைக் போட்டவனும் நானே. இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். தேர்தல் சட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி யாருக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அதே மன்றத்தில் சண்டை நடந்ததே, அதைத் தீர்த்து வைத்தவனும் நான்தான். இது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான், நான் சொல்லச் சொல்ல ஒருவரை விட்டு எழுத வைக்கிறேன்.

1. இரண்டு செட்

அது ஒரு கவுன்சில் தேர்தல். எந்தக் கவுன்சில் என்று சொல்ல மாட்டேன். அப்போதிருந்த தலைவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தலைவர் மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் பிள்ளை மாஸ்டர், ஓய்வு பெற்ற வாத்தியார், சிட்டிக்காரர், அதாவது பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊறிப்போன தமிழ் வம்சம். அவர் வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழில் நாலைந்து வார்த்தை வரும், அதிலும் பாதி சாப்பாட்டுப் பெயர். இரண்டு பேருமே என்னிடம் செட் கேட்டார்கள். மைக்குக்குக் கட்சி கிடையாது என்பது என் தொழில் விதி. ஒரு செட்டை நானே மாஸ்டர் கூட்டத்துக்குக் கொண்டு போனேன். இன்னொன்றை என் மச்சான் சுப்பையாவிடம் கொடுத்துத் தலைவர் கூட்டத்துக்கு அனுப்பினேன்.

கடைசி நாள் பிரசாரம் மாலை ஆறு மணியோடு முடிய வேண்டும் என்று பெர்மிட்டில் போட்டிருந்தது. புறப்படும்போது சுப்பையா கேட்டான்.

"மச்சான், ஆறு அடிச்ச பொறவும் தலைவரு பேசிக்கிட்டே இருந்தா என்னா செய்ய?"

"அவரா நிறுத்துற வரைக்கும் ஓடட்டும். கவுன்சில் வேல நமக்கு வேணும்லா."

இதை நான் சொன்னேன். மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

2. ஆறு மணி

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை முடிந்தாலும் கடைசியாக ஒரு நாதஸ்வர ரெக்கார்டு போட்டுவிட்டுத்தான் செட்டை அணைப்பேன். அது கேட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டர் வாயிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"அண்ணே, பெலும் ஹாபிஸ்!" என்றார். இன்னும் முடியவில்லையாம்.

"எனக்கு ஹாபிஸ், மாஸ்டர்," என்று ரெக்கார்டைப் போட்டேன்.

ஹார்னை இறக்கி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கவுன்சில் அமலாக்க இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜோசப் என்று பெயர். பின்னாலேயே ஒரு லாரி.

"செட்ட ஏத்துங்க. டைம் தாண்டி ஓட்டியிருக்கீங்க."

"சார், நா நிறுத்தினப்ப ஆறு அடிக்கவே இல்ல. இப்ப ஓடுற சத்தம் ஒங்க காதுல விழலயா?"

நாலு தெரு தள்ளித் தலைவரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் நெளிந்த என் ஹார்னின் கரகரப்பு எனக்குத் தெரியாதா?

ஜோசப் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு உத்தரவு போடறவரே அவருதான், ஆறுமுகம். அங்க போயி நிறுத்தினேன்னா, நாளைக்கு எனக்கு ஆபீசுல நாற்காலி இருக்காது."

செட் லாரியில் ஏறியது. மாஸ்டர் சட்டத்தை மீறிய ஆள் என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. மாஸ்டர் தோற்றார்.

3. டைப் அடித்த தாள்

செட்டைக் கவுன்சில் ஸ்டோரில் பூட்டி வைத்தார்கள். இரண்டு கல்யாணம் கை விட்டுப் போயின. ஒரு வாரம் கழித்து ஜோசப் ஒரு தாளோடு கடைக்கு வந்தார். ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னேன். மாஸ்டரின் ஆட்கள் மிரட்டியதால் ஆறு மணிக்கு மேலும் செட்டை ஓட்டினேன் என்று நான் சொல்வதுபோல எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டா இன்னிக்கே செட்ட எடுத்துக்கலாம்."

"போடலன்னா?"

"ஸ்டோருல கரையான் ஜாஸ்தி."

"எனக்கு எழுதத் தெரிஞ்சதே என் பேரு ஒன்னுதான் சார். அதப் பொய்க்குக் கீழ போட மாட்டேன்."

ஜோசப் தாளை மடித்துப் பையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

4. மன்றத்தில் ஊளை

அந்த வருடமே சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தது. தேர்தல் நேரத்தில் அமலாக்க அதிகாரிகள் கவுன்சில் தலைவருக்குக் கட்டுப்படக் கூடாது, தேர்தல் அதிகாரி ஒருவர் சொல்வதை மட்டுமே கேட்க வேண்டும் என்பது திருத்தம். நான் மூலையில் ஆம்பிளிஃபையர் பக்கத்தில், வால்யூம் திருகில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

எதிர்த்துப் பேசிய உறுப்பினர் மலாயில் சொன்னார்: "நம் அதிகாரிகள்மேல் ஒரு புகார் உண்டா? ஒன்றே ஒன்று காட்டட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்."

என் கை தானாகத் திருகைத் திருப்பிவிட்டது. ஹார்ன் ஊளையிட்டது. மன்றமே காதைப் பொத்திக்கொண்டது. தொழிலில் என் கை தவறியது அந்த ஒரு தடவைதான்.

தேநீர் இடைவேளையில், திருத்தத்தைக் கொண்டுவந்த வக்கீலிடம் போனேன். அவரும் மன்ற உறுப்பினர், தமிழர். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தலைவரு கூட்டத்துல ஓடுச்சே, அந்தச் செட்டு யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"அத நிறுத்த வேணாம்னு சொன்னது?"

"நாந்தாங்க."

"அப்ப இந்தத் திருத்தத்த விசாரிக்கிற மன்றக் கமிட்டி முன்னால அதயும் சொல்லணும், ஆறுமுகம். சொன்னா ஒங்க மேலயும் கேஸ் வரலாம். லைசென்சே போவலாம். யோசிச்சுட்டு வாங்க."

வீட்டில் சுப்பையா குதித்தான். "பைத்தியமா மச்சான் ஒனக்கு? நம்ம செட்ட எடுத்ததோட நிறுத்திக்க. அந்தச் செட்டப் பத்தி எவன் கேக்கப் போறான்?"

"ஒத்த ஒயர மாட்டினா ஹார்ன் பேசுமாடா?" என்றேன்.

5. கமிட்டி

கமிட்டியில் இரண்டு செட்டையும் சொன்னேன். சுப்பையாவுக்கு நான் போட்ட உத்தரவையும் சொன்னேன். ஒரு உறுப்பினர் சிரித்தார். "உன் கையில் கடிகாரமே இல்லை. ஆறு ஆகவில்லை என்று எப்படித் தெரியும்?"

மாஸ்டரின் பக்கத்து வீட்டு அம்மாள் சாட்சிக்கு வந்திருந்தார். சிட்டிக்காரர், கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டவர். மலாயில் சொன்னார்: "நாதஸ்வரம் கேட்டதும் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். உள்ளே போய் மடித்து வைத்த பிறகுதான் ரேடியோவில் ஆறு அடித்தது. தலைவர் ஐயா அப்போதும் பேசிக்கொண்டிருந்தார். நான் சோறு வடிக்கும்போதும் பேசிக்கொண்டிருந்தார்."

சிரித்த உறுப்பினர் தாளைப் புரட்ட ஆரம்பித்தார்.

கடைசியில் ஜோசப்பைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு நான் சொன்னதெல்லாம் உண்மை என்றார். "சொல்லிட்டேன். இனிமே எங்க உக்காரச் சொல்றீங்களோ, அங்க உக்காந்துக்கறேன்."

திருத்தம் நிறைவேறியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கவுன்சில் வேலை ஒரு வருடம் வரவில்லை. ஸ்டோரிலிருந்து செட் திரும்பி வந்தபோது பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. புதுப் பெட்டியை நானே அடித்தேன், பழசைவிட நன்றாக.

அடுத்த தேர்தலில் தலைவரின் கடைசிக் கூட்டத்துக்கு நானே செட்டோடு போனேன். ஆறு மணிக்கு ஜோசப் வந்தார். சட்டைப் பையில் தேர்தல் அதிகாரியின் கடிதம், முதுகு நிமிர்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அணைத்தேன். தலைவரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. மாஸ்டர் கூட்டத்திலும் அதே நிமிடத்தில் சுப்பையா அணைத்தான். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எந்தக் கட்சிக்காரர் என்று தெரியவில்லை. தெரியாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இன்று அரசாங்க வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஜோசப் இரண்டு தேர்தலிலும் ஒரே மனிதர்தான். அவருக்கு மேலே இருந்த ஆளை மாற்றினோம், அவருடைய நேர்மை வெளியே வந்தது. நல்ல அதிகாரி கிடைக்கவில்லை என்று புலம்புவதைவிட, இருக்கிற அதிகாரி யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள்.

கடைசியாக என் கோரிக்கை. மன்ற விவாதம் புத்தகமாக அச்சாகியிருக்கிறது. ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வக்கீலின் பேச்சு ஒரு வரி விடாமல் இருக்கிறது, இருக்கட்டும். என்னை "ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர்" என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் என்றால் யார்? லைசென்சைப் பணயம் வைத்தவனுக்குப் பெயர் இல்லையா? அந்த இடத்தில் "க. ஆறுமுகம், மைக் செட், காஜா பேராங்" என்று திருத்திப் போட வேண்டும். நான் உயிரோடு இருக்கும்போதே போட வேண்டும்.