அன்ரனீற்றாவின் சுட்டுவிரல்

அன்ரனீற்றாவுக்குச் சந்தேகம் என்பது கூடப் பிறந்த வியாதி. ஆக்லாந்து நகரத்து மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். பூட்டினோமா என்று திரும்பி வருவாள். பூட்டை இழுத்துப் பார்த்த கையோடு அடுப்பு ஞாபகம் வரும். மன்னாரில் பிறந்து, யேசுராசாவைக் கட்டி நியூசிலாந்துக்கு வந்து, பாட்டனி டவுன்ஸ் பகுதிக் கடையொன்றில் துணி மடித்து, பிறகு நகர ரயிலில் கதவு திறந்து மூடும் வேலைக்குச் சேர்ந்த வரைக்கும் இந்த வியாதியால் யாருக்கும் நட்டமில்லை. ரயிலைத் தானே ஓட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தபோதுதான் வினையும் வந்தது.

எழுத்துப் பரீட்சையில் வெளுத்து வாங்கினாள். ஓட்டிக் காட்டும் நாளில், பச்சை சிக்னலைத் தாண்டிய பிறகு, அது பச்சைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுப் பூட்டு என்றால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், ரயிலில் என்ன செய்வது? நடுவழியில் நிறுத்திவிட்டாள். இன்னொரு தடவை முயலலாம், அதிலும் தவறினால் கதவு வேலையே கதி என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் இருந்து அழுதாள்.

அவளைத் தேற்ற யேசுராசா ஜப்பானுக்குக் கூட்டிப் போனார். எலக்ட்ரீஷியன் வேலைக்கு லீவு போட்டு வந்த மனிதர், ரயில் பேச்சே எடுக்கக்கூடாது என்று ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். பாவம், தங்குமிடத்துக்குப் போகவே ஒரு தனியார் கம்பனி ஓட்டும் சின்ன ரயில் பாதையில்தான் போகவேண்டியிருந்தது. இரண்டே பெட்டி. வயல், பள்ளிக்கூடம், வீடுகளின் கொல்லைப்புறம் என்று எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போனது. ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் மூக்கை வைத்த அன்ரனீற்றா, கடைசி ஸ்டேஷன் வரை எடுக்கவில்லை.

வெள்ளைக் கையுறை போட்ட அந்த ஓட்டுநர், சிக்னல் வந்தால் விரலை நீட்டி உரத்து எதையோ சொன்னார். வேகப் பலகைக்கும் ஒரு விரல், ஒரு சத்தம். கடிகாரத்தைக்கூட விடவில்லை. அவர் பக்கத்தில் ஈ காக்கா இல்லை.

"இவனுக்கென்ன, விசரோ?" என்றார் யேசுராசா.

"இல்லையப்பா. கண் கண்டதைக் கைக்கும் வாய்க்கும் சொல்லுறான். பேந்து சந்தேகம் வராது!"

இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல், அதே ரயிலில் திரும்பி வந்து, மறுபடியும் போனாள். யேசுராசா பயணப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனார்.

ஆக்லாந்துக்கு வந்ததும் ஆரம்பித்தது கூத்து. "அடுப்பு, நிப்பாட்டியாச்சு!" "கதவு, பூட்டியாச்சு!" விரல் நீட்டாமல் ஒரு வேலையும் நடக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தெருமுனையிலிருந்து திரும்பி வருவதும் நின்றுபோனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில், "மெழுகுதிரி, பத்துது!" என்று அவள் போட்ட சத்தத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். யேசுராசாவின் மானம் கப்பலேறியது.

"இஞ்ச, வீட்டுக்குள்ள என்னெண்டாலும் செய். சோதினையில வாயைத் திறக்காதை. பக்கத்தில வெள்ளைக்காரி இருப்பா. விசரெண்டு எழுதிப்போடுவா."

அது அவள் மனதில் தைத்துவிட்டது. இரண்டாம் பரீட்சையன்று பரிசோதகர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், உதட்டை இறுக மூடிக்கொண்டு ரயிலை எடுத்தாள். அவண்டேல் ஸ்டேஷன் வரை சத்தமே இல்லை. அவண்டேலைத் தாண்டியதும் பழைய வியாதி தலைதூக்கியது. போன சிக்னல் என்ன நிறம்? பார்த்தேனா? கை தானாகப் பிரேக்கை நோக்கிப் போனது.

முன்னால் அடுத்த சிக்னல் தெரிந்தது. விசரென்று எழுதினால் எழுதட்டும்! விரலை நீட்டினாள்.

"பச்சை! போகலாம்!"

தமிழில்தான் வந்தது. அவசரத்துக்கு வேறு எது வரும்? அதன்பிறகு வாய் ஓயவில்லை. "வேகம், சரி!" "மவுண்ட் ஆல்பர்ட், நிக்கவேணும்!" "மஞ்சள், மெதுவா!" பயம் போன இடம் தெரியவில்லை. நகர மையத்தில் ரயிலை நிறுத்தி, "வந்தாச்சு!" என்று கத்திய பிறகுதான் பக்கத்தில் ஆள் இருப்பதே ஞாபகம் வந்தது. வெட்கத்தில் குறுகிப்போய், சத்தம் போட்டதற்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள்.

"எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை," என்றார் பரிசோதகர். "ஆனால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே இருந்தது. அவண்டேல் வரைக்கும் பேசாமல் வந்தீர்களே, அப்போதுதான் எனக்குப் பயமாக இருந்தது." பிறகு கைகொடுத்து, தேறிவிட்டதாகச் சொன்னார்.

பிளாட்ஃபாரத்தில் நின்று யேசுராசாவுக்கு ஃபோன் எடுத்தாள். அவ்வளவு நேரம் ஓயாத வாய்க்கு இப்போது அழுகைதான் வந்தது.

"ஃபெயிலோ? அழாதையப்பா," என்று பதறினார் அவர். "வாயை மூடச் சொன்னது என்ர பிழை."

"பாஸ்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்ல காலம், பாதி வழியில உங்கட சொல்லுக் கேக்கிறதை விட்டிட்டன்."