சோணை மகாலில் பொங்கிய நுரை

ஒத்தக்கடை சோணை மகாலில் நுரை பொங்கிய அன்று அது எவ்வளவு உயரம் எழுந்தது என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு பேச்சு. சமையல்காரர் விருமாண்டி இடுப்பளவு என்கிறார். மண்டபத்துச் சொந்தக்காரி சோணையம்மாளோ கணுக்காலுக்கு மேல் ஏறவேயில்லை என்று சாதிக்கிறார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், மேடையில் போட்டிருந்த சிம்மாசன நாற்காலியில் நுரை ஏறி உட்கார்ந்து, கைப்பிடிமேல் கை போட்டுக்கொண்டு, போட்டோ எடுப்பவருக்காகக் காத்திருந்தது என்பது மட்டும் உறுதி. அதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீர் வற்றிய வருஷத்தில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் விட்டிருந்தால், தெப்பம் சிரமமே இல்லாமல் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.

அத்தனை நுரைக்கும் நடுவில், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு நின்றவள் முனீஸ்வரி.

முனீஸ்வரி விளாங்குடியில் பிறந்து ஒத்தக்கடையில் வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்திரண்டு. ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு வருஷம் தரை துடைத்தாள். கார்ப்பெட் கழுவும் மிஷினை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் அதன் சத்தத்துக்கே பத்தடி தள்ளி நின்றார்கள். இவளோ ஒரே வாரத்தில், எந்தச் சத்தம் கோபம், எந்தச் சத்தம் பசி என்று கண்டுபிடித்துவிட்டாள். பிறகு ஒருநாள், ஓட்டல் ஒன்று தன் பழைய மிஷினைத் தள்ளிவிடுகிறது என்று கேள்விப்பட்டாள். காதிலிருந்த தோட்டைக் கழற்றி விற்று அதை வாங்கி வந்தாள்.

வாங்கியதோடு விட்டாளா? மருத்துவமனை சூப்பர்வைசரின் மேசைமேல் துடைப்பக் குச்சியையும் வாளியையும் வைத்து, "இனிமே நீங்களே தூக்குங்க சார், ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தாள். வாளியில் தண்ணீர் வேறு இருந்தது. ஆகவே திரும்பிப் போகிற வழியை அவளே கல்லும் மண்ணும் போட்டு அடைத்திருந்தாள். அவளுக்கு மிச்சம் அந்த மிஷின் ஒன்றுதான். மிஷினுக்கு உயிர் மோட்டாரில். மோட்டார் போனால் அதன் விலைக்கு விற்க இன்னொரு தோடு அவள் காதில் இல்லை.

மிஷினின் வேலை எளிது. ஒரு டேங்கிலிருந்து மருந்து கலந்த வெந்நீரைக் கார்ப்பெட்டில் பீய்ச்சும். அடுத்த நொடியே அழுக்கோடு உறிஞ்சி இன்னொரு டேங்கில் சேர்க்கும். அழுக்கு டேங்க் நிறைந்தால் உள்ளேயிருக்கும் மிதவை எழுந்துபோய் மோட்டாருக்குப் போகும் வழியைச் சாத்திவிடும். தண்ணீருக்குத்தான் இந்த மரியாதையெல்லாம். நுரை வந்தால் மிதவை எழுந்திருக்காது. நுரை அதைத் தாண்டிக்கொண்டு நேராக மோட்டாருக்குள் போய்விடும். போனால் புகைதான். அதனால் நுரைக்காத மருந்தாகத் தேடி வாங்குவாள் முனீஸ்வரி. நுரை அடக்குகிற மருந்து ஒரு சின்னக் குப்பி எப்போதும் பையில் கிடக்கும். அதற்கு வேலை வந்ததே கிடையாது.

அன்று சோணை மகாலில் அவளுக்கு முதல் வேலை. முந்தின நாள் கல்யாணத்தில் வாசலிலிருந்து மேடைவரை சிவப்புக் கார்ப்பெட் பூராவும் சாம்பாரும் ரோஸ்மில்க்கும் வெற்றிலைச் சாறும் குடித்துக் கிடந்தது. சாயங்காலம் நாலரைக்கு அதே மண்டபத்தில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் வீட்டார் மேளத்தோடு வந்து நூற்றியொரு சீர்த்தட்டை அந்தக் கார்ப்பெட்டில்தான் வரிசை வைப்பார்கள். ஈரத்தில் சீரை வைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாமன் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார், பிள்ளையின் காது இன்னும் பத்து வருஷத்துக்கு மூடியே இருக்கும்.

காலை எட்டரைக்கு முனீஸ்வரியின் கணவன் வெள்ளைத்துரை தன் லோடு ஆட்டோவில் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினான். ஒன்பதுக்கெல்லாம் கார்ப்பெட்டில் முதல் வரி பளிச்சென்று விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சோணையம்மாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"ஏத்தா, என்ன இது? வெறுந்தண்ணிய ஊத்துற, உறிஞ்சுற. நொரையவே காணோம்?"

"இந்த மருந்து நொரைக்காது ஆத்தா. நொரைச்சா மிஷினுக்கு ஆகாது."

"நொரைக்காத சோப்பு என்னத்தச் சோப்பு? அம்பது வருசமாத் துணி தொவைக்கிறேன். எனக்கே கதையா?"

"கறை போச்சா இல்லையான்னு பாருங்க ஆத்தா."

"கண்ணுக்குப் போயிருக்கு. உள்ளுக்குப் போச்சா?"

முனீஸ்வரி சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். கார்ப்பெட் மேடைக்கு அருகே நீண்டபோது வயர் எட்டவில்லை. இன்னொரு வயர் எடுத்து வர ஜெனரேட்டர் அறைக்குப் போனாள். சாவி தேடி, வயர் தேடி, வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. வந்து பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, மிஷினை இரண்டடி இழுத்தாள்.

அப்போதுதான் பொங்கியது.

முதலில் கார்ப்பெட்டில் பாலாடைபோல ஒரு வெள்ளை. பிறகு குழாய் முழுக்க வெள்ளை. அழுக்கு டேங்கின் கண்ணாடி மூடிக்குள் பார்த்தால் பஞ்சு மூட்டையைத் திணித்த மாதிரி நுரை முட்டிக்கொண்டு நின்றது. முனீஸ்வரி பையைக் கவிழ்த்துக் குப்பியை எடுத்தாள். உள்ளே இருந்தது இரண்டு மூடி மருந்து. இரண்டையும் ஊற்றினாள். நுரை அதைக் குடித்து ஏப்பம் விட்டு மேலும் வளர்ந்தது. அடுத்த நொடி, மோட்டாரின் காற்று வெளியேறும் ஓட்டை வழியாகப் புசுபுசுவென்று நுரை வெளியே வந்து விழுந்தது. மோட்டாரின் சத்தம் மாறியது. தொண்டையில் முள் சிக்கியவர் பேசுவதுபோல ஒரு கரகரப்பு.

சுவிட்சை அணைக்கக்கூட நிற்கவில்லை. வயரோடு பிடுங்கினாள்.

காலடியில் ஏதோ எலுமிச்சம்பழ வாசனை. குனிந்து ஒரு கை நுரையை அள்ளி மோந்தாள். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணி. அதற்கடியில் இன்னொரு வாசனை, துணி சோப்புப் பவுடர். நிமிர்ந்தாள். சோணையம்மாள் நாற்காலியில் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ஆத்தா."

"என்னத்தா?"

"யாரு ஊத்துனது?"

"ஊத்தறதா? இம்புட்டோண்டு." விரலால் அரை அங்குலம் காட்டினார். பிறகு முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்து விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினார். "நல்ல தண்ணி டேங்குல ரெண்டு பாட்டில். கார்ப்பெட்டு மேல கொஞ்சம் பவுடரும் தூவிவிட்டேன். ஒம்மேல உள்ள பிரியத்துலதான் செஞ்சேன். நல்ல புள்ளயா இருக்கே, நொரை இல்லாம ஊரு சிரிக்கக் கூடாதேன்னு."

முனீஸ்வரிக்குத் திட்ட நேரமில்லை. அழவும் நேரமில்லை. மணி பத்தே முக்கால். வெள்ளைத்துரைக்குப் போன் போட்டாள். அவன் சவாரியை மேலூர் ரோட்டிலேயே இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு வந்து சேர்ந்தான். இருவரும் மிஷினை வாசல் வெயிலில் சாய்த்து, மூடியைத் திருகிக் கழற்றி, மோட்டாரைத் திறந்து வைத்தார்கள்.

"போச்சா?" என்றான் வெள்ளைத்துரை.

"தெரியல. நனைஞ்சிருக்கு. கருகின வாடை வரல."

"வரலைன்னா நல்லதுதான?"

"காயாமச் சுவிட்ச் போட்டா அப்ப வரும். நீங்க அந்த மேசை ஃபேனத் தூக்கிட்டு வந்து இதுக்கு நேரா வைங்க. கையத் துடைச்சிட்டு."

"அப்படியே அந்தச் சூப்பர்வைசர் நம்பரையும் தேடி வைக்கவா?"

"தேடுங்க. கெடைச்சதும் வாளிக்குள்ள போட்டு வைங்க" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் கண் மோட்டாரை விட்டு நகரவில்லை.

மோட்டாரைத் துடைக்க நல்ல காய்ந்த துணி வேண்டும். சமையல்கட்டுக்கு ஓடினாள். காலையிலேயே வந்திறங்கிவிட்ட உறவுக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. விருமாண்டி, ஆளே உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாவில் துவரம்பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தார். முனீஸ்வரி வாசலில் நிற்கும்போதே பருப்பு நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்ட எழுந்தது. விருமாண்டி அவசரப்படவேயில்லை. பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து மெல்லிசாக ஒரு சுற்று ஊற்றினார். நுரை, வாத்தியாரைக் கண்ட வகுப்புபோல, அந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

முனீஸ்வரி வந்த காரியத்தை மறந்தாள்.

"அண்ணே, அது என்னண்ணே?"

"எது? வெளக்கெண்ண. பருப்பு பொங்காம இருக்க ஊத்துறது. ஏன், ஒங்க வீட்டுல ஊத்த மாட்டீகளா?"

ஊற்றுவார்கள். தினம் காலையில் அவளே அரைச் சொட்டு விடுகிறாள். இருபது வருஷமாக அடுப்பில் செய்வதை மிஷினோடு சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

"சோப்பு நொரையும் அடங்குமாண்ணே?"

"சோப்ப நான் இதுவரைக்கும் சமைச்சதில்ல தங்கச்சி."

"ஒரு டம்ளர் குடுங்கண்ணே."

"தாளிக்கக் கடுகும் கருவேப்பிலையும் வேணுமா?"

எண்ணெயோடு நினைவாகக் கேட்டு வாங்கிய துணியை வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டு, ஒரு பக்கெட்டில் நுரையை அள்ளிப் போட்டு, அதன் தலையில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டாள். நுரை முதலில் முறைத்தது. பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம். நடுவில் பள்ளம் விழுந்தது, பள்ளம் அகன்றது, பக்கெட்டின் அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் மிஞ்சியது. எட்டிப் பார்த்த சோணையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார்.

எண்ணெயைக் கார்ப்பெட்டில் படவிடக் கூடாது. அதில் முனீஸ்வரி தெளிவாக இருந்தாள். அழுக்கு டேங்கின் அடியில் மட்டும் ஊற்றினால் உறிஞ்சி வருகிற நுரை உள்ளே விழுந்ததும் அங்கேயே சாகும், கார்ப்பெட்டுக்கு வாடைகூடப் போகாது. நல்ல தண்ணீர் டேங்கை மூன்று தடவை அலசிக் கொட்டினாள். இந்தத் தடவை எந்த மருந்தும் கலக்கவில்லை. வெறும் வெந்நீர். கார்ப்பெட்டுக்குள் இருக்கிற சோப்பே ஒரு கல்யாண வீட்டுத் துணிக்குக் காணும்.

பன்னிரண்டரைக்கு மோட்டார் தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. மூடியை மாட்டி, மிஷினை உள்ளே தள்ளி வந்தார்கள். டேங்கில் எண்ணெய் விட்டாள். வெள்ளைத்துரை பிளக்கைச் சொருகினான்.

"நீ போடுறியா, நான் போடவா?"

"நானே போடுறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

"ஏன், வெடிக்குமா?"

"நான் அழுதா நீங்க பாக்க வேணாம்."

போட்டாள். ஒரு இருமல். இன்னொரு இருமல். ஓட்டை வழியாக இரண்டு துளித் தண்ணீர் தெறித்தது. சோணையம்மாள் மூன்று ஊர்ச் சாமிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது சாமி காது கொடுத்தாரோ, அல்லது மோட்டாரே மனமிரங்கியதோ, கரகரப்பு விலகிப் பழைய உறுமல் வந்தது. பசிக்கிற சத்தம். முனீஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

அவள் ஈரக் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது, நிற்கவே மாட்டேன் என்றது. வெள்ளைத்துரையும் சிரித்தான். காரணம் புரியாமல் சோணையம்மாளும் சிரித்தார். சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற விருமாண்டி, "ருசி பாத்தாச்சா?" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வெறும் உழைப்பு. டேங்க் பாதி நிறைவதற்குள் கொட்டுவது, மறுபடி எண்ணெய் விடுவது, மறுபடி இழுப்பது. நுரை குழாய் வழியாகத் திமிரோடு வந்து டேங்கில் விழுந்ததும் சுருண்டது. முதல் நாலு பக்கெட்டும் பால் நிறம். ஏழாவது பக்கெட் இளநீர். பத்தாவதில் குனிந்து பார்த்தால் அவள் சேலைக்கரையின் நிழல் தெரிந்தது. இரண்டு மணிக்கு மிஷினை நிறுத்தினாள். அதன்பின் சோணையம்மாளே முன்னால் நின்று மண்டபத்து மின்விசிறிகளை எல்லாம் முடுக்கினார், பந்திக்கூடத்து ஃபேன்களையும் தூக்கி வரச் சொன்னார். கார்ப்பெட் நெடுக வெறுங்காலோடு நடந்து, ஈரம் இருக்கிறதா என்று பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார். குற்றவாளியே காவலுக்கு நின்றால் அந்தக் காவலுக்கு இணை கிடையாது.

நாலு இருபதுக்கு மேளச் சத்தம் கேட்டது. மாமன் வீட்டார் வந்தார்கள். தட்டுகள் இறங்கின. பட்டுச்சேலைத் தட்டு, வெள்ளிக் கொலுசுத் தட்டு, பழத்தட்டு, பலகாரத் தட்டு. நூற்றியொன்றும் காய்ந்த கார்ப்பெட்டில் உட்கார்ந்தன. மாமன் குனிந்து ஒரு தட்டை நேராக்கி வைத்தபோது உள்ளங்கையால் கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் தூணோடு தூணாக நின்ற முனீஸ்வரி மூச்சை அடக்கினாள். அவர் நிமிர்ந்து அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார். அந்த மூச்சு வெளியே வந்த வேகத்தில் முன்வரிசைத் தட்டில் ஒரு வெற்றிலை பறந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

சோணையம்மாள் கிட்டே வந்தார்.

"ஏத்தா, அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கெழம."

"வாரேன் ஆத்தா. ஆனா ஒன்னு."

"சொல்லு."

"நான் மிஷின நிறுத்துற வரைக்கும் நீங்க வீட்ட விட்டு வரப்படாது."

"கதவச் சாத்தி வெளிய பூட்டிட்டுப் போ. ஒத்துக்கிறேன்" என்றார் சோணையம்மாள். பிறகு குரலை இறக்கி, "நொரை அம்புட்டு ஒசரம் எந்திரிச்சதுன்னு வெளிய சொல்லிப்புடாத. கணுக்காலுக்கு மேல ஏறலைன்னு சொல்லு" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மிஷினை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு போட்டார்கள். முன்னால் வந்து உட்காரச் சொன்னான் வெள்ளைத்துரை. முனீஸ்வரி கேட்கவில்லை. பின்னாலேயே ஏறி, மிஷினின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள். தெரு முனை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். கண்ணாடியில் பார்த்த வெள்ளைத்துரை ஹாரனைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினான். பிரசவம் முடிந்து, தாயும் பிள்ளையும் நலமென்று வீட்டுக்கு அழைத்துப் போகிறவனைப்போல, மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிப்போனான்.