மறுநாளும் கூப்பிட்டுப் பாருங்க

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தியாகதுருகம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அந்த வேலையை அவருடைய வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே, இனிமேல் ஆட்களை நானே கூட்டிப்போகிறேன் என்று அண்ணி டிராக்டரில் ஏறிவிட்டாராம். எங்கள் பக்கம் பெண் மேஸ்திரி அபூர்வம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் பேச்சென்றால் கொஞ்சம் பயம். எனக்கும்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. பலம் மட்டும் திரும்பி வரவில்லை. அப்போது சங்கராபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நான்கு வரி எழுதுவதற்குள் கை தானாகக் கீழே இறங்கும். ஒரு நாள் பிள்ளைகளை விளையாட்டு விழாவுக்குக் கூட்டிப்போய் வந்தேன். மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. அரை வருடத்தில் வேலை போயிற்று.

ரத்தம், ஸ்கேன், இதயம் என்று பார்க்காத பரிசோதனை இல்லை. "ரிப்போர்ட் எல்லாம் நல்லாருக்கும்மா" என்று ஒவ்வொரு டாக்டர் சொல்லும்போதும் பொய் சொல்லிப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் புதுச்சேரியில் ஒரு டாக்டர்தான் இதற்குப் பெயர் சொன்னார். நாள்பட்ட சோர்வு நோய். பாடுபட்டால் அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் ஆளைச் சாய்க்கும், மாத்திரை ஒன்றும் இல்லை, சக்தியைப் பார்த்துப் பார்த்துச் செலவழியுங்கள் என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார்.

அந்தக் கடிதத்தைச் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொண்டு திரிய முடியுமா? ஒரு காதுகுத்தில் நான் உள் அறையில் படுத்திருந்தேன். வெளியே அண்ணி யாரிடமோ, என் காதில் விழும்படியே சொன்னார்: "டீச்சர் வேல பாத்தவளுக்கு அடுப்பங்கர கசக்குது. வேற இன்னா நோவு அவளுக்கு?" அதன் பிறகு ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை.

என் கணவர் சின்ன லாரி வைத்து, கரியாலூர் மலைப்பக்கமிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்து ஆலைகளுக்குக் கொடுப்பவர். சீசனில் ஏறினால் இரண்டு நாள், மூன்று நாள் மலையிலேயே தங்கிவிடுவார். ஆறாவது படிக்கும் மகளையும் என்னையும் தனியாக விட்டுப்போக மனமில்லாமல், என்னிடம் சொல்லாமலே அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். வெட்டு இல்லாத பத்து நாளைக்கு அண்ணி ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார்.

முதல் இரண்டு நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நான் வீம்புக்கு விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் பெருக்கினேன், மாவாட்டினேன், துணி துவைத்தேன், மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டேன். சாயங்காலம்வரை சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அண்ணி அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யாராவது பேசினால் அந்தச் சத்தமே வலித்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அண்ணி ஜன்னலில் புடவையைக் கட்டி மறைத்து, கஞ்சி ஊட்டினார். ஆறாம் நாள் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"எம்மா, ஒன்னு சொல்றன் கேளு. நான் ஆளு வச்சி வேல வாங்குறவ. எவ ஏமாத்துறா, எவளுக்கு நெசமா முடியலன்னு மூஞ்ச பாத்தே சொல்லிடுவன். ஏமாத்துறவ வேல நேரத்துல மொனகிகினு இருப்பா. வூட்டுக்குப் போவ வண்டி ஏறனா சிரிச்சிகினு வருவா. நீ தலகீழா இருக்கிற. வேல செய்யசொல்ல சிரிச்சிகினு இருந்துட்டு, மறுநாளு வுழுந்து கெடக்கிற. ஒன்ன நான் தப்பா எட போட்டுட்டன். அன்னிக்கி காதுகுத்துல பேசனது தப்பு."

வயதில் மூத்தவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தப்பு என்று சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். "ஊனத்துக்கு கவர்மெண்டுல கார்டு குடுக்கறாங்களே, நீ எழுதிப் போட்டியா?"

"அது கை கால் இல்லாதவங்களுக்கு அண்ணி."

"கை கால் இருந்தும் ஒதவலன்னா?"

எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருந்தது. என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களின் வரிசையில் போய் நிற்பது மாதிரி. அதைச் சொன்னபோது, "நீ நின்னா யாருக்கும் கம்மியாயிடாது, கெளம்பு" என்றார்.

இ-சேவை மையத்தில் இருந்த பெண் கணினியில் ஊனத்தின் வகைகளை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். "அசதின்னு ஒன்னுமே இல்லியேக்கா" என்றாள். "எல்லாத்தையும் வாய்வுட்டுப் படிம்மா" என்றார் அண்ணி. பார்வை, காது, பேச்சு என்று அவள் படித்துக்கொண்டே வந்தாள். "நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு" என்ற இடத்தில் அவளை நிறுத்தினேன். புதுச்சேரி டாக்டரின் கடிதத்தில் நரம்பு மண்டலம் என்ற சொல் இருந்தது. அதையே போட்டு, கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

மருத்துவக் குழு பார்க்கும் நாள் குறித்து வந்தபோது அண்ணிக்கு வெட்டு தொடங்கியிருந்தது. ஆட்களை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னைத் தன் மடியில் தலைவைத்துப் படுக்கச் சொன்னார்.

"எல்லாரும் பாக்குறாங்க அண்ணி."

"பாக்கட்டும்."

எங்கள் முறை வந்தது. உள்ளே நடுத்தர வயதில் ஒரு டாக்டரம்மா. காலையிலிருந்து ஆட்களைப் பார்த்துக் களைத்திருந்தார். கதவுவரை நடந்து வரச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். தன் விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை.

"எல்லாமே நல்லா பண்றீங்களேம்மா. நான் இதுல என்னன்னு எழுதறது?"

"சரிங்க மேடம்" என்று நான் எழுந்துவிட்டேன். பழக்கம் அப்படி. கதவோரம் நின்றிருந்த அண்ணி உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷங்க. மூணு நாளா படுத்துகினு சேத்து வச்சத இவ இப்ப ஒங்க எதுர்ல செலவு பண்ணிட்டாங்க. இன்னிக்கி பாத்தா ஒன்னும் தெரியாது. நாளைக்கி இதே நேரத்துக்கு மறுபடி கூப்பிட்டுப் பாருங்க. இதே வேலய குடுங்க. செஞ்சிட்டான்னா நானே கூட்டிகினு போயிடறன்."

அடுத்த ஆளைக் கூப்பிட வந்த ஊழியர் அண்ணியை வெளியே போகச் சொன்னார். டாக்டரம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நீங்க இவங்களுக்கு யாரு?"

"நாத்தனாருங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாத்தனாரா வந்து இவ்ளோ பேசறீங்க?"

"மொதல்ல நம்பாதவளே நான்தாங்க."

டாக்டரம்மா என் காகிதங்களை மறுபடி எடுத்து, புதுச்சேரி கடிதத்தை இந்த முறை முழுவதும் படித்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணினார். இருபத்திரண்டு. அதை எழுதி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாங்க என்றார்.

அண்ணியின் ஆட்களில் முன்பு இருந்த ஒரு பெண்ணின் வீடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. பஸ்ஸில் போய் வந்தால் நான் தாங்கமாட்டேன் என்று அண்ணி அங்கேயே தங்க ஏற்பாடு செய்தார்.

மறுநாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கால் நடுங்கியது. அதே அறை, அதே நாற்காலி. ஐந்தாவது முறை எழுந்தபோது பார்வை மங்கியது. எட்டாவது முறை எழ முயன்றேன், முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் சுவரோடு நின்றுகொண்டு இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணில் நீர் நின்றது. ஆனால் ஓடி வந்து தூக்கவில்லை. தான் தொட்டுவிட்டால் டாக்டருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் ஆட்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது. அந்தச் சில நொடிகள் அவர் சும்மா நின்றதைப் போல ஒரு உதவியை எனக்கு வேறு யாரும் செய்ததில்லை.

டாக்டரம்மாவே மேஜையைச் சுற்றி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "இதப் பத்தி படிச்சிருக்கேன். நேர்ல பாத்ததில்ல" என்றார். அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அவரையும் நான் மறக்கமாட்டேன். குழுவில் இருந்த மற்ற இரண்டு டாக்டர்களிடமும் வெகுநேரம் பேசினார். நாற்பது சதவீதம் என்று சான்றிதழ் வந்தது. தற்காலிகம்தான், இரண்டு வருடம் கழித்து மறுபடி வர வேண்டும்.

"மீதி அறுவது இன்னா ஆச்சி?" என்று வராந்தாவில் அண்ணி கேட்டார். சிரித்தால் விலா வலித்தது. இருந்தும் சிரித்தேன்.

உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீசில் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தோம். விசாரணைக்கு வந்த அதிகாரி, நான் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நல்ல நாளாகப் பார்த்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, மறுநாள் விழுந்த கதையை முழுவதும் நானே சொன்னேன். கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஆணை வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் என் வியாதி ஒரு காகிதத்தில் உண்மையாகிவிட்டது. அதன் பிறகு வீட்டில் பகலில் படுக்கும்போது யாருக்கும் காரணம் சொல்வதில்லை. முடிந்த நாளில் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சாய்ந்து உட்கார்ந்தபடி வாசிக்கச் சொல்லித்தருகிறேன்.

இந்த வெட்டு சீசனில் ஒரு நாள் கணவரின் வண்டியில் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த ஒரு பெண்ணை அவர் நிழலில் உட்காரவைத்து, கரும்புக் கட்டைக் கட்டத் தோகையைக் கயிறாக முறுக்குகிற வேலை மட்டும் கொடுத்திருந்தார். அவளுக்கு மட்டும் இன்னா சலுகை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அண்ணி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

தை மாதத்தோடு என் இரண்டு வருடம் முடிகிறது. அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். புதிதாக வருபவர் எப்படியோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இந்த முறை நீங்கள் வேலையை விட்டு வர வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று அண்ணிக்குப் போனில் சொன்னேன்.

"பேசு, நல்லா பேசு" என்றார். "நானும் வந்து வெளிய பெஞ்சில குந்திகினு இருப்பன்."