தனம் தண்ணீர் குடிக்காத நாட்கள்

அண்ணன் வீட்டுக்கு நாங்கள் வந்த மறுநாள் காலையில்தான் அதை முதலில் கவனித்தேன். என் மகள் தனம் டம்ளரை எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனதும் கழுத்து நரம்புகள் புடைத்தன. தொண்டை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

களைப்பு என்று நினைத்தேன். அந்த நாட்களில் எனக்கே எதுவும் சரியாகப் புலப்படவில்லை. உட்கார்ந்திருக்கும்போது தரை மெல்ல நகர்வதுபோல் இருக்கும். சுவரில் விழுந்த வெயில் நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியும். பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் கேட்கும்.

எங்களுக்கு ஜீயபுரம் பக்கம். வாழைதான் பிழைப்பு. ஐம்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் காவிரி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. தனத்தின் அப்பா எங்கள் இருவரையும் ரயில் பாதை மேட்டில் ஏற்றிவிட்டு, கொட்டிலில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாகத் திரும்பிப் போனார்கள். தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு மேல் இருந்தது. வாழைகளுக்கு நடுவே நடந்து போனதைத் தனமும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அங்கே வாழைகளும் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் கிழக்கே ஒரு மூங்கில் புதரில் அவர்கள் உடலைக் கண்டெடுத்தார்கள். ஆண்கள் போய்க் காரியங்களை முடித்தார்கள். குழந்தையிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள் என்று உறவினர்கள் கூடிப் பேசினார்கள். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லப்பட்டது. என் வெறும் நெற்றியையும் கழுத்தையும் தனம் பார்த்தாள்.

அண்ணனுக்கு ஸ்ரீரங்கத்தில் வாடகை சைக்கிள் கடை. அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலையில் வீடு. எங்களை அங்கே கூட்டிவந்தான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆற்றுக்குப் பயந்து வந்த நாங்கள் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் வந்து சேர்ந்திருந்தோம்.

தனம் ரசத்தை ஒதுக்கினாள். மோரை ஒதுக்கினாள். வெறும் சோற்றை நெடுநேரம் மென்றாள். குளிக்கக் கூப்பிட்டால் அறை மூலையில் ஒடுங்கிக்கொள்வாள். உதடுகள் வெடித்தன. எழுந்து நின்றால் தள்ளாடினாள். ஒரு காலையில் எழுப்பியும் கண்ணைத் திறக்காதபோது, அண்ணனும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கிண்ணம் அருகே வந்ததும் தனத்தின் தொண்டை மறுபடி இழுத்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"நாய் ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார்.

ரயில் மேட்டில் எங்களோடு நனைந்த நாய்களும் ஏறி நின்றன. அவற்றில் ஒன்றைத் தனம் குளிருக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னேன். அதன்பின் எல்லாரும் எங்களைத் தொடாமல் பேசினார்கள். நீர்வெறுப்பு (வெறிநாய்க்கடி முற்றியபின், தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகிக்கொள்வது) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அது வந்தால் பிழைப்பதில்லை என்பதையும் அங்கேயே யாரோ சொன்னார்கள்.

வராந்தாவின் கடைசியில் இருந்த தனி அறையில் படுக்க வைத்தார்கள். கையில் ஊசி குத்தி சலைன் (உடம்பில் நீர் வற்றினால் நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர்) ஏற்றினார்கள். பாட்டிலுக்குள் குமிழி ஒன்று எழும், மிதக்கும், மறையும். அடுத்தது எழும். அதைப் பார்த்துக்கொண்டே நான் காலையையும் மாலையையும் கலந்துவிட்டேன். ஒருமுறை, தனம் வாழைத் தோட்டத்துக்குள் தூங்குகிறாள் என்றும், இலைகள்தான் அவளுக்கு விசிறுகின்றன என்றும் எனக்குத் தோன்றியது.

கண் விழித்தவள் நர்ஸிடம் கேட்டாள்: "அது ஆத்துத் தண்ணியா?"

"இல்லம்மா, மருந்து" என்றார் நர்ஸ்.

தனம் கையைத் தளர விட்டாள்.

அண்ணன் ஒரு இளநீர் வாங்கிவந்தான். பயந்துகொண்டேதான் அவள் வாயருகே பிடித்தான். அவள் இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டு, வழிய வழிய, மூச்சு வாங்கக் குடித்து முடித்தாள். டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து முதல் முறையாக அவள் தலையைத் தொட்டார்.

"வெறிநாய்க்கடியா இருந்தா இளநியும் இறங்காதுங்க. தொண்டை நல்லாத்தான் இருக்கு. இவ மனசுல எதையோ வச்சிருக்கா."

"அதுக்கு மருந்து இருக்குங்களா?" என்றேன்.

"எங்ககிட்ட இல்லை. கட்டாயப்படுத்தி ஊத்தாதீங்க. வாயைத் திறந்து ஏதாவது சொன்னா, அப்படியெல்லாம் இல்லைன்னு உடனே அடக்கிடாதீங்க. முழுசாக் கேளுங்க."

எனக்கு அது வைத்தியமாகவே தோன்றவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்தோம். இளநீரும், கண்முன்னே கறந்த பாலுமாக அவள் உயிர் நின்றது. அண்ணி முகம் சுளிக்காமல் தினமும் அவளை மாட்டுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கறக்கும் இடத்தில் நிறுத்திக் குடிக்க வைத்தாள்.

ஒரு மத்தியானம் கொல்லையில் துணி துவைத்துவிட்டு, செம்பைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தேன். தனம் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏம்மா குடிக்கிற?" என்றாள்.

"தாகமா இருக்கு."

"அப்பாவுக்கு வலிக்காதா?"

செம்பை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்கிறாய் பைத்தியம் என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்ததால் அதை விழுங்கிக்கொண்டேன்.

"அப்பா எங்க இருக்காங்கன்னு நினைக்கிற?"

"தண்ணிலதான். ஆத்தோட போயிட்டாங்கன்னு மாமா சொன்னாங்க, நான் கேட்டேன். குழாய்ல வர்றதும் ஆத்துத் தண்ணிதானே. குடிச்சா அப்பா கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு போயிடுவாங்க."

இத்தனை நாளும் அவள் தாகத்தோடு தன் அப்பாவைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இறந்துவிட்டதை, மூங்கில் புதரை, கரையில் தகனம் செய்ததை. சாம்பலை ஆற்றில்தான் கரைத்தோம் என்று சொல்லும் இடத்தில் என் நாக்கு நின்றது. மறைத்தால் மறுபடி அவளே வேறொன்றைக் கட்டிக்கொள்வாள் என்று தோன்றியதால் அதையும் சொன்னேன்.

"எரிச்சப்போ வலிச்சுதா?"

"இல்ல கண்ணு. அப்போ அப்பாவுக்கு வலி தெரியாது."

"அந்தத் தண்ணி?"

"அது அன்னிக்கே கடலுக்குப் போயிருச்சு. இப்ப வர்றது மேலேருந்து புதுசா வர்ற தண்ணி."

அவள் என் பக்கம் நகர்ந்து வந்தாள். பிறகு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். வெள்ளத்துக்குப்பின் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. எனக்கும் அதுவே முதல் அழுகை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

அழுது முடித்ததும் அவள் தண்ணீர் குடித்துவிடவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் புயலோ வெள்ளமோ கண்ட குழந்தை இருந்தால் இதைத்தான் முதலில் சொல்வேன். உண்மையைச் சொன்ன அன்றே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல இரவுகள் படுக்கையை நனைத்தாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை, அதே வார்த்தைகளில் சொன்னேன். பதில் மாறாமல் இருப்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

தினமும் காலையில் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். மேல்படியில் மட்டும் உட்காருவோம். மழை ஓய்ந்து காவிரி மணல் திட்டுகளுக்கிடையே பிரிந்து, சத்தமில்லாமல் போகும். பூவும் சருகும் மிதந்து வரும். ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, மறையும் வரை பார்ப்பாள். "இது போயிருச்சு" என்பாள். அடுத்ததைப் பிடிப்பாள். பனிக்குள் மலைக்கோட்டை அடியில்லாமல் நிற்கும். எத்தனை காலம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் படியில் காலம் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

முதலில் ரசம் இறங்கியது. பிறகு மோர். தைப் பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒரு சாயங்காலம் வந்து, "விளையாடிட்டு பானைத் தண்ணி குடிச்சேன். எல்லாரும் குடிச்சாங்க" என்றாள். சொல்லிவிட்டுப் பையை வீசிவிட்டு ஓடிவிட்டாள். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுதமாட்டேன். பெருமழை நாட்களில் இன்றும் அவள் சாப்பாடு குறைந்துவிடும். அன்று நான் வேலைக்குப் போகாமல் அவளோடு இருப்பேன். ஒன்றும் பேசமாட்டோம். அதுவே போதும் என்று இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டேன்.

என் உடம்பும் பழைய உடம்பு இல்லை. கூட்டத்தில் நடக்கும்போது கால்கள் தாமாகவே மேட்டைத் தேடுகின்றன. தனத்தின் அப்பாவின் வயது அந்த மழைக்காலத்தோடு நின்றுவிட்டது. நான் அதைத் தாண்டி வந்துவிட்டேன். சில நாட்களில் அவர்களை எனக்கு இளையவராக நினைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் தனத்துக்குத் தாவணி எடுத்தோம். கட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். என்னைவிட வளர்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பா எவ்வளவு உயரம்?"

யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அளவு எதுவும் நினைவில்லை. ஆனால் கை மேலே போயிற்று. அவள் தலையைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் போய், சுவரில் ஓரிடத்தில் நின்றது. அங்கேதான், சந்தேகமே இல்லை. தனம் அண்ணாந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். கையை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அவளும் இறக்கச் சொல்லவில்லை.