டொக்டரின் இரண்டு மஸ்டாங்குகள்

சிட்னிக்கு வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு கார் நிறுத்துமிடத்தைக் கண்டேன். முப்பது நாற்பது பழைய கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றினதும் முன் மூடி, அந்தப் பொனற், திறந்து கிடந்தது. எங்கள் ஊரில் ஒரு வாகனம் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிளிநொச்சியில் பதினாறு வருடம் கராஜ் வைத்திருந்தவன் என்பதால் என் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் காருக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்ன பிழை என்று கேட்டேன். "நத்திங் ராங், மேட்" என்றார். நான் விடவில்லை. நானொரு மெக்கானிக், பார்த்துத் தரலாம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே எஞ்சின் பக்கம் குனிந்தேன். அவர் எழுந்து எனக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வந்து நின்றார். தொடாதே என்று அவர் சொன்னது மட்டும் நன்றாக விளங்கியது. பழுதில்லாத காரைத் திறந்து வைத்துவிட்டு, மற்றவர்கள் பார்க்கட்டும் என்று அதன் அருகே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் உலகத்தில் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நான் படகில் வந்தவன். கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமிலும் பிறகு பாலைவனத்து முகாம் ஒன்றிலும் இருந்து, நிரந்தர விசா கிடைத்து, 2011இல் வெளியே வந்தேன். செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் கெரி என்பவரின் கராஜில் வேலை கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து வரும் கார்களுக்கு இடப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றுவதுதான் அங்கே முக்கியமான தொழில். என்னிடம் சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. கெரி ஒரு பழைய எஞ்சினை ஓட விட்டு, என்ன குறை என்று கேட்டார். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, காபரேட்டரில் திருகாணியைக் கால் சுற்று திருப்பினேன். எஞ்சின் அடங்கி ஓடியது. எங்கே படித்தாய் என்று கேட்டார். போர்க்காலத்தில் வன்னிக்குள் பெட்ரோல் வர விடமாட்டார்கள், ஐந்தாறு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம், அப்படிப் படித்தது என்றேன். கெரி பலமாகச் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அந்தக் கராஜுக்குத்தான் டொக்டர் சிவநேசன் வந்தார். கெல்லிவில்லில் பெரிய வீடு, அறுபது வயது தாண்டிய, நரையை மறைக்காத மனிதர். யாழ்ப்பாணத்தார். மஸ்டாங் என்ற அமெரிக்கக் காரின் 1967ஆம் ஆண்டு வண்டி ஒன்றை இருபது வருடமாக வைத்திருந்தார். இப்போது அதே காரின் புதிய தலைமுறையையும் அமெரிக்காவிலிருந்து இறக்கியிருந்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "நீர் எந்த இடம்?" என்று கேட்டார். சொன்னேன். தோளில் தட்டினார். மூன்று வருடத்தில் இந்த நாட்டில் என் தோளில் யாரும் தட்டியதில்லை. அந்த ஒரு தட்டுக்காக அவருடைய கார்களுக்கு நான் எவ்வளவு உழைத்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வேலை செய்தேன். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கார் என்றால், அது பிறந்தபடியே இடப்பக்க ஸ்டியரிங்கோடு எங்கள் மாநிலத்தில் ஓடலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதிசயமாகப் பார்ப்பார்கள். புதிய கார் அப்படி ஓட முடியாது. ஆகவே புதியதை நான் உரித்தேன். டாஷ்போர்டைக் கழற்றி, எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் இடையில் உள்ள தகட்டை வெட்டி, பெடல்களையும் வயர்களையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய், சிவப்பாக மின்னும் பின் சிக்னலை மஞ்சளாக்கி, ஏழு வாரம் அதனோடு கிடந்தேன். பழையதற்கு எண்ணெய் மட்டும் மாற்றினேன்.

டொக்டர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவார். மஸ்டாங் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் தன் கிளப்பின் சஞ்சிகைக்கு இரண்டு காரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும், உள்ளே கை வைத்தவன் நான்தான் என்பதால் நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். பழையதில் பிரேக் பிடிப்பதற்கு முதலே மனதால் பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் கார் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். வெயிலில் அரை மணி நேரம் ஓட்டினால் உடுப்பு முழுக்கப் பெட்ரோல் மணம். புதியது ஐந்து லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம், ஆனால் சாவியைத் திருப்பினால் பூனை மாதிரிக் கிடக்கும். வளைவில் சறுக்கப் போகிறது என்பதை ஓட்டுபவனுக்கு முதல் அதுவே கண்டுபிடித்துத் தன்னைப் பிடித்துக்கொள்ளும். எந்த வகையில் பார்த்தாலும் புதியதுதான் நல்ல கார். முகத்தையும் பின்பக்கத்து மும்மூன்று விளக்குகளையும் பழையதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். கீழே படுத்துப் பார்த்தால் பின் அச்சுகூட அதே முழு இரும்பு அச்சுத்தான், நாற்பத்தைந்து வருடமாக மாறவில்லை. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பழையதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுவார்கள். புதியதைக் காட்டினால், அது அசல் இல்லை என்பார்கள்.

டொக்டர் இதையெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். "உமக்கு நல்ல மூளை ஐசே" என்றார்.

அந்த நாட்களில்தான் என் அண்ணன் குணம் என்னோடு வந்து சேர்ந்தார். 2012இன் கடைசியில் அவரும் படகில்தான் வந்தார். நான் வந்ததற்கும் அவர் வந்ததற்கும் இடையில் மூன்று வருடம்தான். அதற்குள் சட்டம் மாறிவிட்டது. முகாமிலிருந்து வெளியே விட்டார்கள், தற்காலிக விசா தந்தார்கள், ஆனால் வேலை செய்யக் கூடாது. ஊரில் விடியற்காலையில் டிராக்டரை எடுத்தால் இருட்டும்போதுதான் இறங்குகிற மனிதர் அவர். என் சின்ன பிளாட்டில், பகல் முழுக்க யன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வவுனியாவில் அண்ணியும் இரண்டு பெண் பிள்ளைகளும். நான் வேலை முடிந்து வந்தால் என் சப்பாத்தைத் துடைத்து வைத்திருப்பார். வேண்டாம் அண்ணை என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் என் சப்பாத்தைத் துடைத்தார்.

அவருடைய வழக்கைப் பார்த்த சட்டத்தரணி, இங்கே மதிப்புள்ள ஒருவர் ஆதரவுக் கடிதம் தந்தால் நல்லது என்று சொன்னார். எனக்குத் தெரிந்த மதிப்புள்ளவர் ஒருவர்தான். புதிய கார் வேலை முடிந்து டொக்டர் எடுக்க வந்த நாளில் கேட்டேன். அண்ணன் எப்படி வந்தவர் என்று கேட்டார். படகில் என்றேன். சாவியைக் கையில் உருட்டினார். கிளப்பின் கண்காட்சி முடியட்டும், பார்ப்போம் என்றார். கண்காட்சிக்குப் பழையதைத் தான் ஓட்டி வருவதாகவும், புதியதை நான் ஓட்டி வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

2013 தேர்தலுக்கு முந்திய மாதங்கள் அவை. தொலைக்காட்சியைத் திறந்தால் படகு, பத்திரிகையைத் திறந்தால் படகு. கண்காட்சி நடந்த பூங்காவில் இரண்டு மஸ்டாங்கையும் நிறுத்தி, பொனற்றைத் திறந்துவிட்டு நின்றோம். டொக்டரின் மனைவி, நான் அன்ரி என்று கூப்பிடும் கமலா, எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து கிளப்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். பேச்சு எப்படியோ காரிலிருந்து தேர்தலுக்குப் போய், தேர்தலிலிருந்து படகுக்குப் போனது. அவர்களில் ஒருவர், உங்கள் நாட்டு ஆட்கள்தானே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டொக்டரைக் கேட்டார். டொக்டர் சிரித்த முகத்தோடு, தான் முறைப்படி வந்தவன் என்றும், வரிசையில் நிற்காமல் முந்தி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் சரி என்றும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். என் அண்ணனைப் பற்றி நான் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் திறந்துவிட்டேன். "ஐ கேம் பை போட்" என்றேன்.

கேள்வி கேட்ட மனிதர் என்னைப் பார்த்தார், புதிய மஸ்டாங்கைப் பார்த்தார். "ஸோ டிட் த கார், மேட்" என்றார். காரும் கப்பலில்தான் வந்தது என்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்து, என்னைச் சேர்த்துக்கொள்வதற்காகவே அப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டொக்டரின் சிரிப்புத்தான் கூடுதலாகக் கேட்டது. பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து, முகத்தில் அதே சிரிப்பு இருக்க, தமிழில் மெதுவாகக் கேட்டார்: "இதை ஏன் இஞ்சை சொன்னனீர்?"

புதிய காரின் சாவியை அவருடைய கையில் கொடுத்துவிட்டு, பூங்காவிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன்.

மூன்றாம் நாள் அன்ரி தனியாகக் கராஜுக்கு வந்தார். கையில் ஒரு உறை. அண்ணனுக்காக நான் டொக்டரிடம் கடிதம் கேட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே, டயர்கள் அடுக்கியிருந்த பக்கம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இந்த நாடு தமிழர்களுக்குக் கொஞ்ச விசாக் கொடுத்ததாம். அப்போது தானும் டொக்டரும் ஒரே ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினார்களாம். முன்பின் தெரியாத ஒரு தேவாலயத்துப் பெண்மணி இவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டு, தன் வீட்டுப் பின்னறையில் எட்டு மாதம் வைத்திருந்தாராம்.

"அவருக்கு அது மறந்து போச்சு தம்பி. எனக்கு மறக்கேல்லை," என்றார். "டொக்டற்றை கடிதம் மாதிரி இதுக்கு மதிப்பு இருக்குமோ தெரியாது. நான் ஒரு நேர்சரிப் பள்ளிக்கூட ரீச்சர்தான்."

கடிதம் ஒன்றரைப் பக்கம். அண்ணனை ஒருநாள்கூடப் பார்த்திராதவர், அவரைப் பற்றி எழுத முடியாது என்பதால் தன்னைப் பற்றி எழுதியிருந்தார். சட்டத்தரணி அதை வாங்கிக் கோப்பில் வைத்தார். பதில் வரும் என்றார். மாதங்கள் போயின, பதில் வரவில்லை. படகில் வந்தவர்களை வேறு நாட்டுத் தீவுகளுக்கு அனுப்பும் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. சொந்த விருப்பத்தில் நாடு திரும்புவதற்கான படிவத்தில் அண்ணன் எனக்குச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் சத்தம் போட்டேன். அங்கே போனால் பிடிப்பார்கள், உதைப்பார்கள் என்றேன். அவர் சப்பாத்துத் துடைக்கும் துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம். ஆனா அங்கை என்னை வேலை செய்ய விடுவாங்கள்," என்றார்.

விமான நிலையத்தில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொழும்பில் இறங்கியதும் விசாரணைக்கு எடுத்து, நான்கு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அந்த நான்கு நாளும் நான் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் அவர் உட்கார்ந்திருந்த யன்னலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கிளப் சஞ்சிகையை கெரி கொண்டுவந்து காட்டினார். இரண்டு காருக்கும் நடுவில் டொக்டர் நிற்கும் படம். கீழே அவருடைய கட்டுரை. மனதால் பிரேக் பிடிப்பதும் பூனை மாதிரிக் கிடப்பதும் நல்ல ஆங்கிலத்தில் இருந்தன. என் பெயர் இல்லை. கடைசிப் பந்தி மட்டும் நான் சொல்லாதது: புதியது எவ்வளவு திறமையாக ஓடினாலும், பழையதற்குத்தான் இந்த மண்ணில் ஒரு மரியாதை உண்டு என்று முடித்திருந்தார். கெரி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். டொக்டரின் கார்கள் இப்போதும் எங்களிடம்தான் சேர்விசுக்கு வருகின்றன. நான்தான் செய்கிறேன். அவர் இப்போது என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்.

அண்ணன் போன பிறகு, அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தேன். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுப்பது அது. போன கிழமை தபாலில் வந்தது. என் படம், என் பெயர், முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. எந்தெந்த நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்ற இடத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று அச்சடித்திருந்தது.

அன்று மாலையே அண்ணன் போன் எடுத்தார். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

"அப்ப இனி நீ எங்கையும் போகலாம் என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். "எங்கையும் போகலாம்."